ஃபாரடேக்கு அடித்தது அதிர்ஷ்டமா?

காந்தத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் வழியைக் கண்ட ஆங்கிலேய விஞ்ஞானி ஃபாரடேயைப் பற்றி முந்தாநாள் இங்கே ஒரு சண்டை நடந்தது. “மைக்கேல் ஃபாரடேக்குக் கணக்கே தெரியாது, சும்மா கம்பி சுற்றினார், அதிர்ஷ்டம் அடித்தது” என்று அதில் நண்பர் ஒருவர் எழுதிய வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அதிர்ஷ்டமா? காந்தத்திலிருந்து மின்சாரம் எடுக்க 1825-லேயே முயன்று தோற்றவர் அவர். பலன் கிடைத்தது 1831 ஆகஸ்ட் 29-ல். ஆறு அங்குல இரும்பு வளையம், இரு பக்கமும் தனித்தனியாகச் சுற்றிய செம்புக் கம்பி. மேலே மின்காப்புப் பூச்சு பூசிய எனாமல் கம்பி இல்லாத காலம். சுற்றும் சுற்றும் ஒட்டாமலிருக்க நடுவே நூல் கயிறு, அடுக்குக்கு அடுக்கு பருத்தித் துணி. ஒரு பக்கக் கம்பியில் பேட்டரியை இணைத்ததும், மறுபக்கக் கம்பியில் மின்சாரம் வந்தால் காட்டும் காந்த ஊசி ஆடி அடங்கியது. துண்டித்ததும் மறுபடி ஆடியது. நடுவில், மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தபோது, அசையவே இல்லை. மாற்றம் நடக்கும்போதுதான் மறுபக்கம் மின்சாரம் பிறக்கிறது என்று அந்த ஒரு நொடி ஆட்டத்திலிருந்து பிடித்தார். ஜெனீவாவில் கொலாடோன் என்ற விஞ்ஞானியும் இதைத்தான் தேடினார். காந்தம் தொந்தரவு செய்யக்கூடாதென்று ஊசியை அடுத்த அறையில் வைத்தார். நடந்து போய்ப் பார்ப்பதற்குள் ஊசி அடங்கிவிட்டது.

என் அப்பா மோட்டாருக்குக் காயில், அதாவது கம்பிச் சுருள், கட்டுபவர். கருகிய காயிலைப் பிரிக்கும்போது சுற்றுகளை எண்ணிக்கொண்டே பிரிப்பார். அப்போது யாரும் பேசக்கூடாது, சாப்பிடக்கூடக் கூப்பிடக்கூடாது. எண்ணிக்கை தப்பினால் மோட்டார் சூடாகிப் புகைந்துவிடும். ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரர் ஒருவர், “கம்பி சுத்துறவர்தானே” என்றார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பந்தியில் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கணக்கு தெரியாதது குறைதானே என்பீர்கள். குறைதான், சரி. ஆனால் மின்சாரத்தையும் காந்தத்தையும் சமன்பாடுகளில் இணைத்த மேக்ஸ்வெல் எங்கிருந்து தொடங்கினார்? அவருடைய 1850-களின் கட்டுரைக்குத் தலைப்பே ‘ஃபாரடேயின் விசைக்கோடுகள் பற்றி’. காந்தத்தைச் சுற்றி விசை எந்தத் திசையில் என்று காட்டும் அந்தக் கோடுகளை முதலில் மனசில் பார்த்தவர் ஃபாரடே, அதைக் கணக்காக்கியவர் மேக்ஸ்வெல். காந்தத்திலிருந்து மின்சாரம் வருவதை அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி என்ற விஞ்ஞானியும் கண்டாரே என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்மைதான், முதலில் வெளியிட்டவர் ஃபாரடே. அதை விடுங்கள்.

ஃபாரடே கொல்லர் மகன். பதினான்கு வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த கலைக்களஞ்சியத்தில்தான் மின்சாரத்தைப் பற்றிப் படித்தார். வேதியியல் அறிஞர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் குறிப்பெடுத்து, தன் கையாலேயே பைண்ட் செய்து அவருக்கே அனுப்பி, 1813-ல் லண்டனின் ஆய்வு நிறுவனமான ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் ஆனார். அப்புறம் ஐரோப்பியப் பயணத்தில் டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். 1824-ல் அவரை விஞ்ஞானிகளின் சங்கமான ராயல் சொசைட்டியில் சேர்க்க டேவியே எதிர்ப்பு. கையால் வேலை செய்கிறவனுக்கு மூளை இருக்காது என்று அன்றும் நினைத்தார்கள், இன்றும் நினைக்கிறீர்கள். எனக்கு வலிப்பது அதுதான்.

ஒருவரி பதிவுக்கு இவ்வளவா என்று கேட்காதீர்கள். அந்த வரியை அப்பாவும் படித்துவிட்டார். போனை என்னிடம் நீட்டினார், ஒன்றும் பேசவில்லை. நண்பரே, பதிவை நீக்க வேண்டாம். “சும்மா” என்ற அந்தச் சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள்.