எல்லோருக்கும் 120/80-ஆம்!

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்தோடு இப்போது பிரஷரும் வருகிறது. ஃபோன் கேமராவில் விரலை வைத்தால் பல்ஸ், பிரஷர், சுகர், ஆக்சிஜன் எல்லாம் சொல்லும் ஆப் ஒன்றைச் சித்தப்பா கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டார். எல்லோருக்கும் 120/80 பக்கத்திலேயே வருகிறது. அவ்வளவு ஆரோக்கியமான குடும்பமா நாங்கள்? பந்தியில் எங்களைப் பார்த்தவர்கள் சொல்லட்டும்.

இதில் பல்ஸை மட்டும் நம்பலாம். ஒவ்வொரு துடிப்புக்கும் விரல் நுனியில் ரத்தம் கூடிக் குறையும். ஃபிளாஷ் வெளிச்சத்தில் அந்த மாற்றத்தைக் கேமரா எண்ணிவிடும். விரலை ஆட்டாமல், அழுத்தாமல் வைத்தால் போதும். சாம்சங் 2014-இல் எஸ்5 ஃபோனின் பின்பக்கம் இதற்கென்றே ஒரு சென்சார் வைத்தது.

ஆக்சிஜன் அப்படியல்ல. ஆக்சிமீட்டர் சிவப்பு, அகச்சிவப்பு என்று இரண்டு ஒளியை விரலுக்குள் பாய்ச்சிக் கணக்குப் போடுகிறது. ஃபிளாஷில் இருப்பது வெறும் வெள்ளை வெளிச்சம். கொரோனா நேரத்தில் ஆக்சிமீட்டர் கிடைக்காமல் இந்த ஆப்களை நம்பியவர்களை நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

பிரஷர் இன்னும் மோசம். அமெரிக்காவில் 'இன்ஸ்டன்ட் பிளட் பிரஷர்' என்று ஓர் ஆப் காசுக்கு விற்றது. 2016-இல் வந்த ஓர் ஆய்வில், உண்மையிலேயே பிரஷர் அதிகமாக இருந்தவர்களில் ஐந்தில் கிட்டத்தட்ட நான்கு பேருக்கு அது அதிகமில்லை என்று காட்டியது தெரியவந்தது. தப்பாகப் பயமுறுத்தினால்கூட டாக்டரிடம் ஓடுவோம். தப்பாகத் தைரியம் சொன்னால்? மாத்திரையை நிறுத்திவிடுவோம். சுகரும் அப்படித்தான். ஊசி குத்தாமல் தானாகவே சுகரை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

ஈசிஜி எடுக்கும் வாட்ச் வேறு ரகம். இதயத் துடிப்பு தாறுமாறாவதை அது பிடிக்கும். மாரடைப்பைப் பிடிக்காது, அப்படி வாட்ச் விற்கும் ஆப்பிளே அதைத்தான் சொல்கிறது. நெஞ்சு வலித்தால் வாட்சைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் 108-ஐ அழையுங்கள்.

சரி, ஃபோனால் உபயோகமே இல்லையா? இருக்கிறது, கணக்கு நோட்டாக. கையில் பட்டை கட்டி அளக்கும் மெஷின் ஒன்று வாங்குங்கள். காபி குடித்தவுடன் வேண்டாம். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்துவிட்டு அளந்து, தேதி நேரத்தோடு ஃபோனில் குறித்து வையுங்கள். டாக்டருக்கு அது போதும்.

எனக்குக் கோபம் வந்தது இதில்தான். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே பிரஷர் மெஷினோடு வந்த அக்காவை, "ஃபோன்லயே பாத்தாச்சும்மா" என்று எங்கள் அத்தை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். வருஷக்கணக்கில் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் அவர். அன்று இரவே அவர் ஃபோனிலிருந்து அந்த ஆப்பை நீக்கிவிட்டேன். என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார், மாத்திரையை நிறுத்தவில்லை.