திறந்து பார்த்த எஞ்சினும் திறக்காத பர்ஸும்

என் பழைய வண்டியின் எஞ்சின் சூடேறியதும், ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் தலைப்பகுதிக்கும் சிலிண்டருக்கும் நடுவே, ஆயிலும் தண்ணீரும் கலக்காமல் அடைக்கும் தகடு) மட்டும்தான் போயிருக்கும் என்று நினைத்தேன். திறந்தால், ஆயிலில் தண்ணீர் கலந்து மோர் மாதிரி கிடக்கிறது. அந்த மோரிலேயே ஓடித் தேய்ந்த பேரிங்குகள், கோடு விழுந்த கிராங்க்ஷாஃப்ட் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு). கிராங்கை 0.25 மில்லிமீட்டர் கிரைண்டிங் செய்து, மெலிந்த கிராங்குக்குப் பொருந்தும் அண்டர்சைஸ் பேரிங் போடலாமாம், கிடைத்தால். சிலிண்டரை போர் செய்து, அதாவது குடைந்து அகலமாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாமாம், அதுவும் கிடைத்தால். இந்தக் ‘கிடைத்தால்’ இல்லாமல் மெக்கானிக் ஒரு வாக்கியம்கூடப் பேசுவதில்லை.

சரி, வேறு எஞ்சின் வைக்கலாமா? கூடவே பிறந்த எஞ்சின் நம்பர் போனால் பழைய வண்டிக்குப் பாதி மவுசு போச்சு. ரிப்பேர் செய்தால் செலவு வண்டியின் விலையைத் தாண்டும். விற்கப் போனால், ஓடாத வண்டிக்கு இரும்பு விலைதான் கேட்கிறார்கள்.

டெம்பரேச்சர் முள் ஏறியபோதே ஓரங்கட்டியிருந்தால் கேஸ்கெட்டோடு போயிருக்கும். “இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே” என்று ஓட்டிய மகராசன் நான்தான், யாரைத் திட்டுவது?

“என்ன சார், முடிவு பண்ணிட்டீங்களா?” என்று மெக்கானிக் தினமும் கேட்கிறார். எஞ்சின் துண்டு துண்டாகத் தட்டில் கிடக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு, பிஸ்டனை ஒருமுறை தடவிவிட்டு, நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிடுகிறேன்.