மூடிகளோடு விளையாடுவதும் விளையாட்டுதான்

விடுமுறை தொடங்கிவிட்டால் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரிடையே ஒரே கேள்விதான்: நாள் முழுக்க இவனை வீட்டில் என்ன செய்யவைப்பது? உடனே பட்டியல்கள் வந்து குவியும். புதிர் அட்டை, வண்ணக் களிமண், மணி கோத்தல் என்று நீளும். அவற்றில் எதையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் பட்டியலிலிருந்து தொடங்கக் கூடாது, பிள்ளை ஏற்கெனவே எதில் மூழ்கியிருக்கிறானோ அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

என் மகனுக்கு மூடிகள் பிடிக்கும். டப்பா மூடி, பாட்டில் மூடி, பாத்திர மூடி. ஒவ்வொன்றாகத் தரையில் போட்டு, அது சுழன்று அடங்கும் ஓசையைக் குனிந்து கேட்பான். பார்க்கிறவர்கள், "ஒழுங்காக விளையாடச் சொல்லிக்கொடுங்கள்" என்பார்கள். எனக்குக் கோபம் வரும். பொம்மைக் காரை உருட்டினால் விளையாட்டு, ஓசையில் லயித்தால் நோய்க்குறியா? குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 1943-இல் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, இவர்கள் பொருட்களோடு மணிக்கணக்கில் மகிழ்ச்சியாக விளையாடக்கூடியவர்கள் என்று பதிவு செய்திருக்கிறார். அந்த மகிழ்ச்சியைத்தான் நாம் சுலபமாகக் கடந்துபோகிறோம்.

ஆட்டிசம் ஆய்வாளர் டைனா மர்ரேயும் அவருடைய சகாக்களும் 2005-இல் முன்வைத்த விளக்கம் ஒன்று உண்டு. ஆட்டிசம் உள்ளவரின் கவனம் பல பக்கம் பரவாமல் ஒன்றிரண்டு விஷயங்களில் ஆழமாக இறங்கிவிடுகிறது என்கிறார்கள். அதைப் படித்த பிறகு நான் அவன் அருகில் உட்கார்ந்து ஒரு மூடியைப் போட்டேன். பெயர் சொல்லி அழைக்கவில்லை, "இது என்ன நிறம்?" என்று கேட்கவில்லை. நாளடைவில், என் மூடி அடங்கும்வரை காத்திருந்து தன்னுடையதைப் போடத் தொடங்கினான். முறை வைத்து விளையாடப் பழக்க வேண்டும் என்று தெரபியில் சொல்வார்களே, அது எங்கள் வீட்டில் இப்படித்தான் வந்தது. பிறகு மூடிகள் வாளித் தண்ணீருக்குப் போயின. எது மிதக்கிறது, எது மூழ்குகிறது என்று பார்த்தோம். களிமண்ணில் வட்ட வட்டமாக அச்சுப் பதித்தோம். புதிதாக எதுவும் வாங்கவில்லை.

பெரும்பாலான வீடுகளில் அழுகை விளையாட்டின் நடுவில் வருவதில்லை. விளையாட்டு முடியும் இடத்தில் வருகிறது. ஆழ்ந்திருப்பவனைத் திடீரென்று பிடுங்கி எடுத்தால் யாருக்குத்தான் தாங்கும்? அடுத்து என்ன என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். "முதலில் குளியல், பிறகு மூடிகள்" என்று இரண்டு படங்கள் ஒட்டிய ஓர் அட்டை போதும். சொல் காற்றில் போய்விடும், படம் அங்கேயே இருக்கும். மணல் கடிகாரமும் நல்ல துணை.

உட்கார்ந்து செய்பவை மட்டும் ஈடுபாடு என்று எண்ணிவிட வேண்டாம். குதிப்பது, தலையணைக் குவியலில் விழுவது, கனமான கூடையைத் தள்ளுவது, ஊஞ்சல் ஆடுவது எல்லாம் தசைக்கும் மூட்டுக்கும் சமநிலைக்கும் உணர்வு தருபவை. சில பிள்ளைகளை இவை அமைதிப்படுத்தும், சிலரை இன்னும் கிளப்பிவிடும். உங்கள் பிள்ளையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். புலன் உணர்வு கூடுதலாகவோ குறைவாகவோ இருப்பது 2013-இல் வெளியான, மனநல மருத்துவர்கள் நோய்களை அடையாளம் காணப் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்கக் கையேட்டில் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. ஆகவே மிக்சி ஓடும்போது காதைப் பொத்திக்கொள்பவனை அடம்பிடிக்கிறான் என்று சொல்லாதீர்கள். கையை உதறி மகிழ்பவனின் கையையும் பிடித்து நிறுத்தாதீர்கள். தன்னைக் காயப்படுத்திக்கொண்டால் மட்டும் தடுத்து, காரணத்தைத் தேடுங்கள்.

தண்ணீர் பல பிள்ளைகளுக்கு உயிர். அதனாலேயே ஒரு வாளித் தண்ணீராக இருந்தாலும் பிள்ளையைத் தனியே விடவே கூடாது. வாயில் போடும் பழக்கம் இருந்தால் சிறு மூடிகள், பொத்தான் பேட்டரி, சிறு காந்தம் எதுவும் கைக்கு எட்டக் கூடாது. உள்ளே எடை வைத்துத் தைத்த கனமான எடைப் போர்வையை, தானாக விலக்கிக்கொள்ளத் தெரியாத பிள்ளைமேல் போடாதீர்கள்.

இன்னொன்றும் மனத்தில் கிடக்கிறது. வீடு இரண்டாவது தெரபி மையம் ஆகிவிடக் கூடாது. எங்களுக்கு ஒருமுறை வந்த பயிற்சித் தாளில் காலை எழுந்ததிலிருந்து இரவு வரை ஒவ்வொரு மணிக்கும் ஓர் இலக்கு இருந்தது. பிள்ளை எப்போது சும்மா இருப்பான்? பள்ளியில் நாள் முழுக்கச் சத்தத்தையும் கூட்டத்தையும் தாங்கிவிட்டு வருகிறவனுக்கு, மேசைக்கு அடியில் போர்வைக் கூடாரத்துக்குள் ஒன்றும் செய்யாமல் படுத்திருப்பது தேவையான ஓய்வு. ஒரே காணொளியின் ஒரே துண்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் பலருக்கு ஆறுதல்தான். தூக்கத்தைக் கெடுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். அக்காவோ தம்பியோ இருந்தால் அவர்களைக் குட்டி ஆசிரியர்களாக்காதீர்கள். அவர்களுக்கும் பெற்றோரோடு தனியாக விளையாட நேரம் வேண்டும்.

எங்களைப் போன்றோர் வீட்டுக்கு வரும் உறவினர்களே, நண்பர்களே, பரிசுப் பொம்மை வேண்டாம். அரை மணி நேரம் தரையில் உட்காருங்கள். கேள்வி கேட்காமல் அவன் செய்வதை நீங்களும் செய்யுங்கள். எழுந்து போனால் இழுத்து உட்காரவைக்காதீர்கள். பெரும்பாலும் அவனே திரும்பி வருவான். அந்த அரை மணி நேரம் அவனுடைய அம்மா சற்றுக் கண்ணயரட்டும்.