நாலு ஊர், மூணு ஒயினரி, ஒரே நாள்: யாரை ஏமாத்துறீங்க?

இத்தாலியோட டஸ்கனி பகுதியைச் சுத்திக்காட்டுற ஒருநாள் ஒயின் டூராம். காலையில எட்டு மணிக்கு ஃப்ளோரன்ஸில் பஸ் ஏத்துவாங்களாம். சான் ஜிமிஞானோ, சியெனா, மோன்தல்சீனோ, மோன்தெபுல்சானோ நாலையும் காட்டி, நடுவுல மூணு ஒயினரியில, அதாவது ஒயின் தயாரிக்கற இடத்துல, ஒயினும் ஊத்தி, ராத்திரி எட்டுக்குக் கொண்டுவந்து இறக்கிடுவாங்களாம். டஸ்கனி மேப்பை ஒருதடவை விரிச்சுப் பார்த்தவன் போடுற திட்டமா இது?

பஸ்ஸுலயே அஞ்சு மணி நேரத்துக்கு மேல போயிடும். எல்லாம் மதில் கட்டின மேட்டு ஊர், பஸ் உள்ளே போகாது. வெளியே இறங்கி ஏறிப்போய்த் திரும்பவே ஊருக்கு அரைமணி. சான் ஜிமிஞானோவில் ஒருகாலத்துல இருந்த 72 கோபுரத்துல இப்ப நிக்கிறது 14. அந்தப் பதினாலை எண்ணி முடிக்கறதுக்குள்ள கைடு கொடியைத் தூக்கிடுவார்.

ஒயின் பக்கம் வந்தா இன்னும் வயித்தெரிச்சல். மோன்தல்சீனோவின் பேர்போன சிவப்பு ஒயின் புருனெல்லோ. அது முழுக்க முழுக்க சாஞ்சோவேசேங்கற திராட்சை. ரெண்டு வருஷமாவது ஓக் பீப்பாயில கிடக்கணும். 2020-ல் அறுத்தது 2025 ஜனவரிக்கு முன்னாடி கடைக்கு வரவே கூடாதுன்னு விதி. அப்படிக் காத்துக்கிடந்த சரக்கை ஆகஸ்ட் வெக்கையில, அந்த நிமிஷம் திறந்த பாட்டில்ல இருந்து ஊத்தி, "சீக்கிரம் முடிங்க, பஸ் கிளம்புது"ன்னா? 18 டிகிரியில குடிக்க வேண்டியது 26-ல வந்தா மூக்குல ஏறுறது ஸ்பிரிட் நெடி மட்டும்தான். ரெண்டு மணி நேரம் முன்னாடியே திறந்து வைக்க என்ன கேடு? வரிசையும் தலைகீழ்: புருனெல்லோவைக் கொடுத்துட்டு அப்புறம் வெர்நாச்சா வெள்ளை ஒயினை நீட்டினா அது பச்சைத் தண்ணியாத்தான் தெரியும்.

ஒரு ஊத்தல் 50 மில்லி, இடத்துக்கு நாலு, மூணு இடம்: 600 மில்லி. ருசி பார்த்துட்டுத் துப்புறதுக்குப் பாத்திரம்கூட வைக்காம, முக்கால் பாட்டிலுக்கு மேல வெறும் வயித்துல. ஏன் வெறும் வயிறுங்கறீங்களா? அங்க பல உணவகங்கள்ல ரெண்டரைக்கு அடுப்பை அணைச்சிடுவாங்க. பஸ் மூணுக்குப் போய் நிக்கும். கிடைக்கிறது உப்பில்லாத டஸ்கன் ரொட்டி. அதைக் குறை சொல்லாதீங்க. உப்புக் கரிக்கும் சலாமியோடயும் பெக்கொரினோ சீஸோடயும் சாப்பிடற ரொட்டி அது. கூட அந்த ரெண்டையும் கொடுக்காதவனைத் திட்டுங்க.

கைடு சொல்ற இன்னொரு அபத்தம்: மோன்தெபுல்சானோ ஊரோட சிவப்பு ஒயின் வீனோ நோபிலே, மோன்தெபுல்சானோங்கற திராட்சையில செஞ்சதாம்! யோவ், அது ஊர் பேரு. அந்தப் பேருள்ள திராட்சை இத்தாலியோட வேற பகுதியான அப்ரூட்சோ பக்கத்துது. நோபிலேல குறைஞ்சது 70 சதவீதம் சாஞ்சோவேசே.

ஒருநாள்தான் இருக்குன்னா மோன்தெபுல்சானோவும் பக்கத்து ஊர் பியென்சாவும் போதும், நடுவுல சுமார் 14 கிலோமீட்டர்தான். காலையில ஒரே ஒயினரி, ஒன்றரை மணி நேரம். ஒரு மணிக்கு மேஜை சொல்லி வைங்க. மெனுவுல மாட்டுக்கறி ஸ்டேக் விலைக்குப் பக்கத்துல 'எத்தோ'ன்னு இருந்தா அது 100 கிராமுக்கான விலை. ஆறு யூரோன்னு ஆர்டர் பண்ணா, 1.2 கிலோ துண்டுக்கு 72 யூரோ பில் வரும். எந்த டூருக்கும் பணம் கட்டறதுக்கு முன்னாடி, கூட்டிட்டுப் போற ஒயினரி பேரைக் கேளுங்க. "லோக்கல் ஒயினரி சார்"னு மழுப்பினா, வேற பஸ் பாருங்க.