விலாசம் இருப்பவனுக்குத்தான் சட்டம்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால் அது முதலில் மின்கம்பத்துக்குத்தான் தெரியவரும். சொந்தக்காரருக்கு அழைப்புப் போவதற்குள் சந்தியில் கண்ணீர் அஞ்சலி ஒட்டியாகிவிடும். அதற்கு மேலே ரியூசன் வகுப்பு, கீழே கனடா விசா, பக்கத்தில் யாரோ ஒரு பிள்ளையின் பூப்புனித நீராட்டு விழா வாழ்த்து.

விளம்பரமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கடை வைத்திருப்பவருக்குப் பலகை வேண்டும், வகுப்பு நடத்துபவருக்குப் பிள்ளைகள் வேண்டும். எனக்குள்ள கோபம், விதி யார் மேல் பாய்கிறது என்பதில்தான்.

எனக்குத் தெரிந்த அண்ணை ஒருவர் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறார். தகரத்தில் எழுதிய பெயர்ப்பலகை, கூடிப்போனால் மூன்றடி. வருடா வருடம் காசு கட்டி, ரசீதைப் பழைய பிஸ்கற் பேணிக்குள் பத்திரமாக வைத்திருப்பார். போன வருடம், பலகை வீதிப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று உள்ளூராட்சி சபையிலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. (எந்தச் சபை என்பது இங்கே முக்கியமில்லை.) மறுபேச்சில்லாமல் கழற்றி உள்ளே தள்ளிப் பூட்டினார். அதே சந்தியில் ஒரு பனர் நிற்கிறது, பன்னிரண்டடி இருக்கும். உயர்தரப் பரீட்சையில் மூன்று ஏ எடுத்த ரியூசன் பிள்ளைகளின் முகமெல்லாம் வெயிலில் நீலம் பாரித்துப் போய்விட்டது. மேல் மூலையில் வளையம் கிழிந்து கட்டுக்கம்பி தொங்குகிறது. சோளகம் வீசினால் முழுப் பனரும் வீதிக்கு மேல் வயிறு தள்ளும். ஒழுங்கையிலிருந்து மோட்டார் சைக்கிளை வெளியே எடுப்பவருக்கு வலப்பக்கம் வரும் பஸ் தெரியாது. அந்தப் பிள்ளைகள் இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடமாவது படிப்பார்கள்.

"எனக்கு விலாசம் இருக்கிறதுதான் பிழை, தம்பி" என்றார் அண்ணை.

சரி, பனரை யார் கழற்ற வேண்டும்? கண்டி வீதி என்றால் அது ஏ9, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. கம்பம் மின்சாரம் வழங்குபவர்களுடையது. மதில் தனியாருடையது. விளம்பர அனுமதியும் கட்டணமும் உள்ளூராட்சி சபையின் கையில். பலாலி வீதியால் போனால் கந்தர்மடம் வரை மாநகர சபை, திருநெல்வேலிக்குள் கால் வைத்தால் நல்லூர் பிரதேச சபை. சட்டம் இல்லாமல் இல்லை. 1947ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் உபவிதி போடும் அதிகாரத்தை எப்போதோ கொடுத்துவிட்டது. ஆளாளுக்கு மற்றவரின் எல்லையைக் கை காட்ட, நடுவில் பனர் நிம்மதியாக நிற்கிறது.

இது வெறும் அலுவலகச் சண்டைதானே என்று நினைக்க வேண்டாம். 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் புழுதிக் காற்றில் ஒரு ராட்சத விளம்பரப் பலகை பெற்றோல் நிலையத்தின் மேல் சரிந்தது. 17 பேர் இறந்தார்கள். அங்கே அனுமதிக்கப்படும் உச்ச அளவு 40க்கு 40 அடி. விழுந்தது 120க்கு 120. நிலம் ரயில்வே பொலிஸாரின் கையில் இருந்தது, எங்களிடம் அனுமதி வாங்கவில்லை என்றது மாநகராட்சி. நம்மூர்க் கதை அப்படியே. அதற்கு முன், 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் ஸ்கூட்டரில் போன 23 வயதுப் பெண் மேல் கல்யாண பனர் விழுந்தது. தடுமாறி விழுந்தவர் மேல் பின்னால் வந்த தண்ணீர் லொறி ஏறியது. பனர் அடித்த கடைக்கு அதன் பிறகுதான் சீல் வைத்தார்கள்.

"எங்கடை சனம் திருந்தாது" என்று இதற்கும் ஒரு பதில் வரும். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோயிலைச் சுற்றி வீதியை மூடுகிறார்கள், வாகனத்தைத் திருப்பிக்கொண்டு போகிறோமா இல்லையா? சிகரெட் விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் பெட்டிக்கடை முகப்பு முழுவதும் அதுதான். புகையிலை, மதுசாரம் தொடர்பான 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இன்று சிறு பிள்ளைகளுக்கு அப்படி ஒரு விளம்பரம் இருந்ததே தெரியாது. சனம் திருந்தியா அது போனது? பெட்டிக்கடைக்காரரை மட்டும் துரத்தியிருந்தால் இன்றும் துரத்திக்கொண்டுதான் இருப்போம். விளம்பரத்தால் லாபம் பார்த்த கம்பெனியையே சட்டம் பிடித்தது.

அளவு விஷயத்தில் பிரேசிலின் சாவோ பாவுலோ நகரத்தைப் பார்க்கலாம். 2007 ஜனவரியிலிருந்து அங்கே பெரிய விளம்பரப் பலகைகளுக்குத் தடை. கடைப் பெயர்ப்பலகைக்கும் கணக்கு உண்டு: முகப்பு 10 மீற்றருக்குக் குறைவென்றால் பலகை 1.5 சதுர மீற்றருக்கு மேல் போகக் கூடாது. எனக்கு அதில் பிடித்தது தடையை விட அந்தக் கணக்குத்தான். அளவு நாடாவோடு போகும் பரிசோதகருக்கு யோசிக்க ஒன்றுமில்லை, முகம் பார்க்கவும் ஒன்றுமில்லை. நாங்கள் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. எங்கள் ஊரில் கடைப் பலகை இல்லாவிட்டால் கஸ்தூரியார் வீதியில் நகைக்கடை எது, புடவைக்கடை எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்குத் தோன்றுவது இதுதான். இலங்கையின் தேர்தல் சட்டம், பிரசுரத்தில் அச்சடித்தவர், வெளியிட்டவர் பெயரும் விலாசமும் இருக்க வேண்டும் என்கிறது. தேர்தலுக்குப் பொருந்துவது ரியூசனுக்கு ஏன் பொருந்தாது? ஒவ்வொரு பனரின் அடியிலும் அனுமதி இலக்கம், கழற்ற வேண்டிய திகதி, அச்சடித்த கடையின் பெயர். இலக்கம் இல்லாததை அடித்தால் முதலில் கேள்வி அச்சகத்துக்கு. ஊரெங்கும் கிடக்கும் கம்பங்களை விட, பிளெக்ஸ் அடிக்கும் மெசின் வைத்திருப்பவர்களை எண்ணுவது லேசு. அச்சகக்காரர்கள் என்னைத் திட்டுவார்கள், தெரியும். ஆனால் "இலக்கம் கொண்டு வாங்கோ, அடிச்சுத் தாறம்" என்று வாடிக்கையாளரிடம் சொல்ல அவர்களுக்கும் ஒரு சாட்டு கிடைக்கும்.

கண்ணீர் அஞ்சலிக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதில் எனக்கு மனம் இளகும். காசு வாங்க வேண்டாம், ஒரு மாதத்தில் வரும் அந்தியேட்டிச் சடங்கோடு அதையும் கழற்றினால் போதும்.

அப்புறம் கட்டுப்பணம். தேர்தலில் நிற்பவர் கட்டுவது போல பனர் கட்டுகிறவரும் கட்டட்டும். சொன்ன திகதியில் கழற்றினால் முழுக் காசும் திரும்ப, கழற்றாவிட்டால் சபை ஆள் வைத்துக் கழற்றி அதில் எடுத்துக்கொள்ளட்டும். 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் வென்ற உறுப்பினர்கள் தங்களுடைய பிறந்தநாள் வாழ்த்துப் பனர்களிலிருந்தே இதைத் தொடங்கலாம். தொகையை மட்டும் பனர் அடிக்கும் செலவை விடக் கூடுதலாக வைக்க வேண்டும். குறைவென்றால் அதையும் விளம்பரச் செலவோடு சேர்த்துக் கணக்கெழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.