ஒரு அழுத்து அழுத்தினால் எரியணும், அவ்வளவுதானே கேட்டேன்!

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி கரண்ட் போன நேரம் பார்த்து, எங்கள் வீட்டுப் பின்கட்டில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பாம்பு. கெடிலம் ஆற்றுக்கு இவ்வளவு கிட்டே குடியிருந்தால் மழைக்காலத்தில் பாம்பு வருவது ஒன்றும் அதிசயமில்லை. அந்தப் பாம்பு என்னை ஒன்றும் செய்யவில்லை. என் கையில் இருந்த டார்ச் லைட்தான் என்னைக் கொல்லப் பார்த்தது.

ஒரு அழுத்து அழுத்தினேன். பளீரென்று வெளிச்சம், எதிர்ச்சுவரின் வெள்ளையில் பட்டுத் திரும்பி என் கண்ணையே அடித்தது. குறைக்கலாம் என்று இன்னொரு அழுத்து, நடு வெளிச்சம். பதற்றத்தில் விரல் இன்னொரு தடவை அமுங்க, மங்கல். சரி, மறுபடி பெரிசாக்குவோம் என்று அழுத்தினால் டிஸ்கோ! பளிச், பளிச், பளிச்சென்று விட்டுவிட்டு எரிகிறது. ஊர்ந்துபோகிற பாம்பை அந்த வெளிச்சத்தில் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பளிச்சில் கல்லுக்கு இந்தப் பக்கம். அடுத்த பளிச்சில் அந்தப் பக்கம். அதற்கடுத்ததில் என் காலுக்கு ஒரு முழம் தள்ளி. நடுவில் அது நகர்ந்ததே தெரியாது. ஒரு பாம்பு நாலு பாம்பாகிவிட்டது. அணைத்துத் தொலைப்போம் என்று அழுத்தினேன். மூன்று குட்டை, மூன்று நெட்டை, மூன்று குட்டை. எஸ்ஓஎஸ். மூழ்குகிற கப்பல் காட்டுகிற சைகை. உள்ளே இருந்து மனைவி குரல்: "என்னங்க, இருட்டுல அங்க என்ன வெளையாட்டு உங்களுக்கு?"

அவள் போன் லைட்டைப் போட்டுக்கொண்டு வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது, சாரை. அது தன் பாட்டுக்கு மதில் ஓட்டைக்குள் போய்விட்டது. நான் மட்டும் கப்பல் கேப்டன் மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போக ஒரு சின்ன டார்ச். இந்த மூன்று வருஷத்தில் ஐந்து வாங்கிவிட்டேன். ஐந்தும் ஐந்து விதமான ஏமாற்று.

"அதான் போன்லயே லைட் இருக்கே" என்று சொல்ல வருகிறவர்கள் ஒரு நிமிஷம் பொறுங்கள். நீங்கள் எங்கள் கடலூரில் இருந்ததில்லை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்தபோது எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர இரண்டு வாரம் ஆயிற்று. நெய்வேலி எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது, ஊருக்கெல்லாம் கரண்ட் தருகிறது, நாங்கள் மெழுகுவத்திக்கு வரிசையில் நின்றோம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி வந்தது. அந்த நேரத்தில் போன் சார்ஜ் என்பது மருந்து மாதிரி. "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று அக்காவுக்குச் சொல்லவே பத்து சதவீதம்தான் மிச்சம். அதை லைட்டுக்குச் செலவு பண்ணுவேனா? அதுவும் மழையில் நனைந்த விரலுக்குப் போன் திரை மசியுமா?

சரி, டார்ச்சுக்கு வருவோம். முதலில் அந்த லூமென் புளுகு. லூமென் என்றால் ஒரு லைட் மொத்தமாகத் தருகிற வெளிச்சத்தின் அளவு. ஆன்லைனில் தேடினால் விரல் நீளத்துக்கு ஒரு லைட், அதில் "1,00,000 லூமென்" என்று போட்டிருக்கிறான். பழைய 60 வாட் குண்டு பல்பு சுமார் 700 லூமென். காரில் போடுகிற ஹாலஜன் பல்பு லோ பீமில் ஏறக்குறைய 1000. அப்படியென்றால் இந்தச் சுண்டுவிரல் லைட்டுக்குள் நூறு கார் பல்பா? நூறு காரை வரிசையாக நிறுத்தி லைட் போட்டால் தேவனாம்பட்டினம் பீச்சில் ராத்திரியே விடிந்துவிடுமே! நான் வாங்கியது என் படுக்கையறைச் சுவரைத் தாண்டி எதையும் காட்டவில்லை.

நிஜமாகவே 1000 லூமென் தருகிற நல்ல லைட்டும் சின்ன உடம்பில் அதை ஓரிரு நிமிஷம்தான் தாங்கும். சூடேறிவிடும், தானாகவே பாதிக்கும் கீழே இறங்கிவிடும். டார்ச்சுக்கென்று எஃப்எல்1 என்று ஒரு தர அளவு 2009-லிருந்து இருக்கிறது. அதன்படி, லைட்டைப் போட்டு 30 வினாடிக்கும் 2 நிமிஷத்துக்கும் நடுவில் வெளிச்சத்தை அளப்பார்கள். "இத்தனை மணி நேரம் எரியும்" என்பது, தொடங்கிய வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகத் தேயும்வரை உள்ள நேரம். "இத்தனை மீட்டர் பாயும்" என்றால், முழு நிலா வெளிச்சம் அளவுக்கு, அதாவது கால் லக்ஸுக்கு, மங்கிப்போகிற தூரம். இது ஒழுங்கானவர்கள் அட்டையில் போடுகிற கணக்கு. இதிலேயே இவ்வளவு வளைவு இருக்கும்போது, எந்த அளவும் வைக்காதவன் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், இல்லையா? அச்சுக்கு மை மட்டும்தானே செலவு?

பேட்டரி கதை இதைவிட மோசம். மூன்றாவதாக வாங்கிய லைட்டில் 18650 என்கிற லித்தியம் கட்டை. 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், அதுதான் பெயருக்கு அர்த்தம். அதன் மேல் "9900 எம்ஏஹெச்" என்று, அதாவது எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்கிற அளவு, கொட்டை எழுத்தில் இருந்தது. அந்த அளவில் உலகத்தின் நல்ல கம்பெனிகள் செய்வதே 3500-ஐ ஒட்டித்தான். ஒரு நாள் மளிகைக்கடைத் தராசில், கடைக்கார அண்ணாச்சி சீரகம் நிறுத்துக்கொண்டிருந்த இடைவெளியில், அதை வைத்துப் பார்த்தேன். 31 கிராம். உருப்படியான கட்டை 45 கிராமை ஒட்டி இருக்கும். "என்ன தம்பி, பேட்டரி வெலை கிலோ என்ன?" என்று அண்ணாச்சி சிரிக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சீரகம் வாங்க மறந்துவிட்டேன்.

நான்காவது, பேட்டரியை வெளியே எடுக்கவே முடியாத ஜாதி. டைப்-சி சார்ஜிங் என்றதும் சந்தோஷமாக வாங்கினேன். வீட்டில் இருக்கிற போன் சார்ஜரில், இரண்டு பக்கமும் சி முனை உள்ள ஒயரைச் செருகினால் ஏறவே இல்லை. செத்துவிட்டது என்றே நினைத்தேன். மொபைல் ரிப்பேர் பண்ணுகிற பையன் ஒருவன்தான் பார்த்துச் சொன்னான்: "அண்ணே, இதுல 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ரெண்டு வெக்காம விட்டுட்டானுங்க. அது இல்லாட்டி சார்ஜர் இதைக் கண்டுக்காது. பழைய சப்பை முனை ஒயர்ல போட்டாதான் ஏறும்." பைசாக் கணக்கில் கிடைக்கிற இரண்டு பொடி ரெசிஸ்டர்! அதில் மிச்சம் பிடித்து என்ன மாளிகை கட்டப் போகிறான்? ஒன்றரை வருஷத்தில் உள்ளே இருந்த பேட்டரியும் உப்பிவிட்டது. வாங்கிய கடையில் கேட்டால், "அது அவ்ளோதான் சார், புதுசு எடுத்துக்குங்க" என்கிறார், என்னவோ வாழைப்பழம் அழுகிவிட்ட மாதிரி.

கிளிப்பை விட்டுவிட்டேனே. எனக்கு முதுநகரில் ஐஸ் பிளான்ட்டில் ராத்திரி ஷிஃப்ட். ஐஸ் பார் பிடிக்கிற டேங்க்கின் மரப் பலகையைத் தூக்கி, உள்ளே எவ்வளவு உறைந்திருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். ஐந்து வினாடி வேலை. குனிந்தேன், சட்டைப்பையில் இருந்த லைட் நழுவி, ஐஸ் டின்களுக்கு நடுவே மைனஸ் பத்து டிகிரிப் பக்கம் கிடக்கிற உப்புத்தண்ணீரில் 'டுபுக்'. எரிந்துகொண்டேதான் இறங்கியது. கொஞ்ச நேரம் டேங்க்கே பச்சையாக ஒளிர்ந்தது, பார்க்க அழகாகக்கூட இருந்தது. 650 ரூபாய். கிளிப் என்ற பெயரில் அதில் இருந்தது ஒரு தகரத் துண்டு. எல்லாவற்றையும் கறுப்பாகவே செய்கிறார்களே, இருட்டில் கீழே விழுந்தால் எதைக் கொண்டு தேடுவது? கைலி கட்டியிருக்கிறவனுக்கு அந்தக் கிளிப்பை எங்கே மாட்டுவது என்பது தனிப் பஞ்சாயத்து.

எங்கள் அப்பாவிடம் இரண்டு கட்டை எவரெடி லைட் ஒன்று இருந்தது. தகர உடம்பு, பக்கவாட்டில் தள்ளுகிற சுவிட்ச். முன்னே தள்ளினால் எரியும், பின்னே இழுத்தால் அணையும். கட்டை தீர்ந்தால் பெட்டிக்கடையில் வாங்கிப் போடுவார், கசிந்து துருப்பிடித்தால் சுரண்டிவிட்டு மறுபடி போடுவார். பைக்குள் வைக்க முடியாது, மங்கல் மஞ்சள் வெளிச்சம், பல்பு அடிக்கடி போகும், எல்லாம் உண்மை. ஆனால் பாம்புக்கு முன்னால் அது அவரிடம் எஸ்ஓஎஸ் சொன்னதில்லை.

எனக்கு என்ன வேண்டும்? போட்டவுடன் மங்கலாகத் தொடங்கணும். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக இருபது, முப்பது நிமிஷம் ஆகிறது, அதை ஒரே அழுத்தில் பாழாக்கக் கூடாது. வெளிச்சம் கைக்கெட்டும் தூரத்தில் அகலமாக விழணும். 300 மீட்டர் தள்ளி இருக்கிறவனை நான் ஏன் பார்க்க வேண்டும்? சாவித்துவாரமும் மீட்டர் பெட்டியும் செருப்பும் தெரிந்தால் போதும். தண்ணீர் பட்டால் சாகக் கூடாது. பேட்டரி கழற்றி மாட்டுகிற மாதிரி, தெருமுனைக் கடையில் கிடைக்கிற மாதிரி இருக்கணும். அந்த டிஸ்கோவை மட்டும் எவன் கேட்டான்? எனக்குத் தெரிந்து ஒருத்தரும் கேட்கவில்லை. கூட ஒரு மோட் வைக்கத் தனிப் பொருள் எதுவும் தேவையில்லை, அதனால் வைக்கிறான், அட்டையில் "5 மோட்" என்று போட்டுக்கொள்கிறான்.

பாம்புக்கு மறுநாளே, ஒற்றைப் பென்சில் பேட்டரி போடுகிற லைட் ஒன்றைத் தேடிப் பிடித்தேன். வாலில் சுவிட்ச், இரண்டே வெளிச்சம், முதலில் மங்கல். ஆளும் என் ஆள்காட்டி விரல் நீளம்தான். 100 லூமென் இருந்தால் அதிகம். வந்த இரண்டாவது ராத்திரியே கரண்ட் போயிற்று. வீட்டில் ஸ்டாக் பேட்டரி இல்லை. யோசிக்காமல் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி அதிலிருந்ததை எடுத்துப் போட்டேன். எரிந்தது! கடிகாரத்துக்குப் போடுகிற மலிவுக் கட்டை ரொம்ப நேரம் தாங்காது, ஆனால் மீட்டர் பெட்டி வரைக்கும் போய்வரப் போதுமாக இருந்தது. ஒரே அழுத்து.

பேட்டரியைத் திரும்பப் போட மறந்துவிட்டேன். கடிகாரம் 9.10-லேயே நின்றுவிட்டது. காலையில் அதைப் பார்த்து நிதானமாகத் தலை பின்னிக்கொண்டிருந்த மகள் ஸ்கூல் வேனை விட்டுவிட்டாள். இதோ அவளை வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மனைவி இன்னும் பேசவில்லை.