பலூன் எத்தனை விமானத்தை வீழ்த்தியது?

இரண்டாம் உலகப் போரில் லண்டன் வானத்தில் மிதந்த தடுப்பு பலூன்களின் படத்தை யாராவது பகிர்ந்தால் போதும், கீழே ஒருவர் வந்து கேட்டுவிடுவார்: "இதெல்லாம் எத்தனை விமானத்தை வீழ்த்துச்சு?" கேள்வியே தப்பு என்பது என் கட்சி.

சுமார் 19 மீட்டர் நீள பலூன், உள்ளே ஹைட்ரஜன். அது வெறும் சுமைதூக்கி. எதிரியை மிரட்டியது அதிலிருந்து தரைவரை இறங்கிய எஃகு வடம். 5,000 அடிக்குக் கீழே வந்தால் இறக்கை அறுபடும் என்று தெரிந்தால் எந்த விமானி இறங்குவான்? ஜெர்மனியின் ஸ்டூக்கா விமானம் மாதிரி குத்தென்று பாய்ந்து குண்டு போடுவதும் அங்கே நடக்காது. விமானம் கூரையை ஒட்டிப் பறந்தால், தரையிலிருக்கும் விமான எதிர்ப்புப் பீரங்கியைத் திருப்புவதற்குள் தாண்டிவிடும். மேலே போனால்தான் பீரங்கிக்காரருக்குக் குறிபார்க்க நேரம் கிடைக்கும். ஆக, பலூனைப் பார்த்து மேலே ஏறிப்போன விமானமெல்லாம் அதன் கணக்கில்தான் சேர வேண்டும். அதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

1944-ல் ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டுகள் வந்தபோது வடத்தின் பலம் பட்டவர்த்தனமானது. அதில் பயந்து மேலே ஏற விமானி இல்லை. லண்டனுக்குத் தென்கிழக்கே கிட்டத்தட்ட 2,000 பலூன்களை நிறுத்தினார்கள். 200-க்கும் மேற்பட்ட குண்டுகள் வடத்தில் மோதி விழுந்தன.

உயரத்திலிருந்து கொட்டுகிறவனை பலூன் தடுக்காது, உண்மை. 1940 நவம்பர் 14 இரவு பலூன்கள் இருந்தும் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரம் எரிந்தது. பிரிட்டனின் சொந்த விமானங்களும் அந்த வடங்களில் சிக்கின. (எதிரி, நண்பன் என்று கம்பிக்கு என்ன தெரியும்?)

எனக்கு ஆத்திரம் வருவது வேறு இடத்தில். 1941 முதல் பல பலூன் தளங்களைப் விமானப்படையின் பெண்கள் துணைப்படையினர் ஏற்று நடத்தினார்கள். பெண்களால் இது முடியுமா என்று முதலில் அதிகாரிகளே இழுத்தார்கள். இங்கிலாந்தின் கார்டிங்டனில் பயிற்சி: வடத்தை இழுத்துச் சுற்றும் வின்ச் இயந்திரத்தை ஓட்டுவது, எஃகு வடத்தைப் பிரித்துப் பின்னி இணைப்பது, ஹைட்ரஜன் நிரப்புவது. நடுராத்திரியில் காற்று திசை மாறினால், மழையில் எழுந்து ஓடி, தரையில் கட்டிய பலூனின் மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்பிக் கட்ட வேண்டும். சுணங்கினால் துணி கிழியும், இல்லை பலூனே பிய்த்துக்கொண்டு போகும். இடி மின்னல் என்றால் இன்னும் மோசம். மின்னல் பட்டு எரிந்த பலூன்கள் உண்டு.

இத்தனைக்கும் அவர்களுக்குக் கொடுத்தது, அதே பதவியிலிருந்த ஆணின் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. எண்ணிக்கை கேட்கிற யாரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.